உப்புக்காகப் போட்ட முள்வேலி: 1879-ல் அதை ஒழித்தது எது?

வரப்பு: உப்பு வரிக்காக ஆங்கிலேய அரசு போட்ட உள்நாட்டுச் சுங்கக் கோடு பஞ்சாபில் தொடங்கி ஒடிசா வரை 2,300 மைலுக்கு நீண்டது. மலிவு உப்பு வங்காளப் பக்கம் நுழையாமல் தடுக்க அதில் பெரும்பகுதிக்கு முள்வேலி, காவலுக்குச் சுமார் 12,000 பேர். வைஸ்ராய் சபையின் நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ராச்சியின் வரிச் சீர்திருத்தம்தான் அதை ஒழித்தது என்பதே பொதுப்பேச்சு. எனக்கு உடன்பாடில்லை. வேலியைப் பராமரிக்க முடியாமல்தான் விட்டார்கள். காய்ந்த முள் அடைத்த வேலிக்கு மைலுக்கு 250 டன் முள் வேண்டும் என்பது சுங்க ஆணையர் ஹியூமின் கணக்கு (பின்னாளில் காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவர்). கரையான், எலி, தீ, புயல் என்று அது ஓயாமல் அழிந்துகொண்டே இருந்தது.

பழஞ்சுவடி: அதனால்தானே ஹியூம் உயிர்வேலிக்கு மாறினார்! கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என மண்ணுக்கு ஏற்ற செடி. மண் மோசமென்றால் பள்ளம் வெட்டி நல்ல மண் நிரப்பினார்கள். வெள்ளம் வரும் இடத்தில் கரை கட்டி அதன்மேல் நட்டார்கள். நன்றாக வளர்ந்த இடங்களில் 10 முதல் 14 அடி உயரம். கைவிடுவதற்கு முந்தைய வருடம், 1878-ல்கூட 400 மைலுக்கு மேல் குறையில்லாத வேலி நின்றது. பராமரிக்க முடியாதவர்கள் விட்டுப்போன வேலியா அது?

வரப்பு: அப்படியானால் 2,300-ல் மீதி?

உப்பளம்: இருவருமே சுங்கக் கோட்டை ஒரே துண்டாகப் பார்க்கிறீர்கள். மேற்கே பிரச்சினை ராஜபுதன (இன்றைய ராஜஸ்தான்) சமஸ்தானங்களின் உப்பு. 1870-ல் ஜெய்ப்பூர், ஜோத்பூரிடமிருந்து சாம்பார் உப்பு ஏரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பிறகு மற்ற சமஸ்தானங்களோடும் ஒப்பந்தம். உற்பத்தி இடத்திலேயே வரி விழுந்தபின் அங்கே வேலி எதற்கு? தெற்கே கதை வேறு. மணங்குக்கு (37 கிலோ) வங்காளத்தில் வரி 3 ரூபாய் 4 அணா (16 அணா ஒரு ரூபாய்), சென்னையில் 1 ரூபாய் 13 அணா. 1 ரூபாய் 7 அணா இடைவெளி இருக்கும்வரை கடத்தல் நிற்காது. 1878-க்குள் வங்காளம் 2 ரூபாய் 14 அணா, சென்னை 2 ரூபாய் 8 அணா ஆனது. 6 அணாவுக்காக யார் மூட்டை தூக்குவார்கள்?

பழஞ்சுவடி: சரியான கணக்கு. ஆனால் சீர்திருத்தம் என்று புகழும்போது இதையும் சொல்ல வேண்டும்: சென்னை மாகாணத்தில் வரியை ஏற்றியது 1877 டிசம்பரில், பஞ்சத்தின் நடுவில். வங்காளத்தின் சுமை குறைந்ததில் ஒரு பங்கை நம் ஊர் கூலிக்காரன் கஞ்சியிலிருந்து எடுத்தார்கள்.

வரப்பு: அதை மறுக்கவில்லை. ஆனால் சாம்பார் 1870-லேயே கைக்கு வந்தும் மேற்கு வேலி ஒன்பது வருடம் நின்றதே?

உப்பளம்: சாம்பார் ஒன்று போதாது. மற்ற சமஸ்தான உப்பு வரியில்லாமல் வந்துகொண்டிருந்தவரை காவல் தேவைப்பட்டது. அந்த ஒப்பந்தங்கள் முடிந்து வரும்போதுதான், 1879 ஏப்ரல் 1-ல், சுங்கக் கோட்டைக் கைவிட்டார்கள்.