மின்னழுத்த வீழ்ச்சியா, வாட்டமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வயர் வழியே போகப் போக வோல்ட் குறைகிறதே, அந்த வோல்டேஜ் டிராப்புக்குத் தமிழில் என்ன சொல்வது என்று குழுமத்தில் பேச்சு வந்தது. ஒருவர் 'மின்னழுத்த வீழ்ச்சி' என்று எழுதினார், இன்னொருவர் 'மின்னழுத்த இழப்பு' என்றார். எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு முடிகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் பொறுங்கள். போன வாரம் காரைக்குடியில் ஒரு வீட்டில் மீட்டரும் கையுமாக நின்றபோது இந்த 'இழப்பு' என்னை நன்றாக மாட்டிவிட்டது.

பழைய வீடு. ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்கட்டுக் குளியலறைக்கு வயர் 60 மீட்டர் போகிறது. "தம்பி, கீசரைப் போட்டா இங்க குண்டு பல்பு மங்குது, தண்ணியும் சீக்கிரம் சுடமாட்டேங்குது" என்றார் வீட்டு ஆச்சி.

கீசர் ஓடும்போது முகப்பில் 228 வோல்ட், பின்கட்டில் 216. வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் 8 ஆம்பியர். வழியில் குறைந்த 12 வோல்ட்டை 8 ஆல் வகுத்தால் வயரின் மின்தடை 1.5 ஓம். சுவருக்குள் இருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. அதற்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம், போகவர 120 மீட்டருக்கு 1.45 தான் வர வேண்டும். மிச்சம் சொச்சம், ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கும் இணைப்புகளின் கைங்கரியம்.

அதே 12 ஐ 8 ஆல் பெருக்கினால் 96 வாட். அவ்வளவு மின்திறன் சுவருக்குள் சூடாகிப் போகிறது, ஒரு சீலிங் ஃபேன் ஓட்டலாம். கீசருக்குக் கிடைத்தது 216 × 8, அதாவது 1728 வாட். அதன் மேல் ஒட்டியிருப்பதோ 2000.

"அப்ப எவ்வளவு வீணாப் போகுது?" என்று ஆச்சி கேட்டார். 12 என்பதா, 96 என்பதா? மின்னழுத்த இழப்பு என்றால் 12, மின்திறன் இழப்பு என்றால் 96. பேச்சில் முன்னொட்டு உதிர்ந்து இரண்டும் வெறும் 'இழப்பு' ஆகிவிடும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மின்னோட்டம் 16 ஆனால் (அந்தக் கம்பிக்கு அது ஆகாது, கணக்குக்காகச் சொல்கிறேன்) வோல்ட் 24, வாட் 384. ஒன்று இரண்டு மடங்கு, மற்றது நாலு மடங்கு. இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட்டால் பையன்கள் பரீட்சையில் எதைத்தான் எழுதுவார்கள்?

ஆகவே 'இழப்பு' வாட்டுக்கு மட்டும் இருக்கட்டும். வகுப்பில் நான் அதை 'சேதாரம்' என்றுதான் சொல்வேன், நகைக்கடைக்குப் போன வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வோல்ட்டுக்கு வருவோம். 'வீழ்ச்சி' எனக்கு ஒட்டவில்லை. அருவி விழும், விலை விழும், ஆட்சி விழும். அதில் ஒரு தடாலடி இருக்கிறது. இந்த 12 வோல்ட் எங்கேயும் தடாலென்று விழவில்லை. முகப்பிலிருந்து அடி அடியாகக் குறைந்துகொண்டே போயிருக்கிறது.

அன்றைக்கு அதே வீட்டில் முற்றத்தை ஒட்டி ஆத்தங்குடிக் கல் பெயர்ந்த இடத்தில் கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அது போகிற போக்கைப் பார்த்தார். "வாட்டம் பத்தலை" என்று கல்லை மறுபடி எடுத்தார். தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவுதான் வாட்டம். பயிர் வாடுவதும் முகம் வாடுவதும் வாட்டம்தான். பின்கட்டு பல்பைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இதைவிட என்ன சொல் வேண்டும்? 'மின்வாட்டம்' என்று முன்மொழிகிறேன்.

காரைக்குடியிலிருந்து,
தொழிற்பயிற்சி ஆசிரியர்

மறுமொழி:

அண்ணே, சொல் அருமை. ஆனால் இடறுகிறது. கொத்தனார் வாட்டத்தை எப்படிச் சொல்வார்? 'பத்தடிக்கு ஒரு இன்ச்' என்பார். அது ஒரு வீதம். தரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள மொத்த உயர வித்தியாசத்தை அவர் வாட்டம் என்று சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் 12 வோல்ட் மொத்த வித்தியாசம். இரண்டைப் பிரிக்கப் போய் வேறு இரண்டை ஒட்டிவிட்டீர்கள். அப்புறம், சேதாரம் பாடப்புத்தகத்தில் ஏறாது. வாத்தியார் செய்கூலியும் கேட்பாரோ என்று பிள்ளைகள் சிரிக்கும்.

தேவகோட்டைத் தம்பி

மறுமொழி:

தம்பி, சரி. செய்கூலிக்குச் சிரித்துவிட்டேன், வாட்டத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். நேற்று அந்தக் கொத்தனாரிடமே கேட்டேன். மொத்த வித்தியாசத்துக்கு அவர் சொன்னது 'இறக்கம்'. "வாட்டம் கொடுத்தா இறக்கம் தானா வருது" என்றார்.

கேபிள் அட்டவணைகளைப் பார்த்தால் அங்கேயும் இந்த வீதம் இருக்கிறது. ஒரு ஆம்பியருக்கு, ஒரு மீட்டருக்கு இத்தனை மில்லிவோல்ட் என்றுதான் போட்டிருப்பார்கள். ஆச்சி வீட்டுக் கணக்கில் 12 ஐ 8 ஆலும் 60 ஆலும் வகுத்தால் 25 மில்லிவோல்ட். வாட்டம் என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும். மொத்தமாகக் குறைந்த 12 வோல்ட்டுக்கு 'மின்னழுத்த இறக்கம்', வழியில் சூடாகிப் போன 96 வாட்டுக்கு 'இழப்பு'. சேதாரத்தைப் புத்தகத்தில் போடவில்லை, என் வகுப்பில் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆச்சி வீட்டில் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்து, முறுக்கிய இணைப்புகளையும் எடுத்தாயிற்று. இப்போது கீசர் ஓடும்போது இறக்கம் நாலரை வோல்ட், இழப்பு சுமார் 37 வாட். பல்பு மங்குவது குறைந்துவிட்டது. தண்ணீர் சுடுவதற்கு மட்டும் இன்னும் நேரமாகிறது என்கிறார், கீசருக்குள் உப்புப் படிந்திருக்கிறதா என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.