ஊரடங்கில் ஒற்றைத் தலைவலி: உங்களுக்கு எப்படிப் போனது?

கொளத்தூர்வாசி:

பதினெட்டு வயதிலிருந்து எனக்கு ஒற்றைத் தலைவலி. வலி வருவதற்கு முன்னால் வலது கண் ஓரத்தில் சிக்குக் கோலத்துக்குக் கம்பி இழுப்பதுபோல ஒரு மினுமினுப்பு வளைந்து வளைந்து ஓடும். ஓடி முடிய இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் மாத்திரையைப் போட்டு, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துப் படுத்துவிட்டால் அரை நாளில் எழுந்துவிடுவேன். தவறவிட்டால் வாந்தியோடு இரண்டு நாள் போச்சு.

2020 மார்ச் வரை இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. பகலில் வீட்டில் நானும் தையல் மெஷினும்தான். மார்ச் 25-க்கு அப்புறம் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஐந்து பேர். படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்காரர் ஆபீஸ் கால் பேசுவார். ஹாலில் மாமியாரின் டிவி, அதில் இன்றைக்கு எத்தனை பேருக்குக் கொரோனா தொற்று என்ற கணக்கு. பிள்ளைகள் ஒரே போனுக்கு அடித்துக்கொள்வார்கள். போதாததற்கு மூன்று வேளையும் தாளிப்பு, நடுவில் கபசுரக் குடிநீர் கொதிக்கும் வாசனை. வாசலில் தெளித்த பிளீச்சிங் பவுடர் நெடி ஒன்றே போதும், எனக்கு மினுமினுப்பு ஆரம்பிக்க.

எங்கே போய்ப் படுப்பது? வாசல் பக்கத்துக் குளியலறைதான் கிடைத்தது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஈர டைல்ஸில் நெற்றியை வைத்துக்கொள்வேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது கதவைத் தட்டுவார்கள். "வயிறு சரியில்லையா?" என்பார் மாமியார்.

ஏப்ரல் 5 ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கை அணைக்கச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எனக்கு நல்ல வலி. தெருவே இருட்டானதும் அப்பாடா என்று ஹாலிலேயே சாய்ந்தேன். மூன்றாவது நிமிஷம் எதிர் வீட்டு மாடியில் சரவெடி கொளுத்தினார்கள்.

இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. ஜூலையில் எனக்குத் தொற்று வந்தது. லேசானதுதான் என்று வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். படுக்கையறை, அதோடு சேர்ந்த குளியலறை, இரண்டும் எனக்கே எனக்கு. தட்டைக் கதவோரம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மூன்று நாள் காய்ச்சலோடு வந்த தலைவலி வேறு ரகம், தலை முழுக்கத் துணி போட்டு இறுக்கினதுபோல. அது விட்டபிறகு பதினொரு நாள் எந்த வலியும் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படிப் பதினொரு நாள் சேர்ந்தாற்போல் இருந்ததே இல்லை. ஊரே பயந்து கிடந்தபோது நான் கதவுக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கெல்லாம் கூடியதா, குறைந்ததா?

பீளமேடு பையன்:

எனக்கு முதலில் குறைந்தது அக்கா. தினம் அவிநாசி ரோட்டில் வெயிலிலும் ஹாரனிலும் பைக் ஓட்டுவது நின்றதும், மாதம் எட்டு முறை வந்தது மூன்றாகிவிட்டது. நெதர்லாந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நோயாளிகள் தினம் எழுதிவந்த குறிப்புகளைப் பார்த்துவிட்டு அங்கேயும் குறைந்தது என்றுதான் சொன்னார்கள். குவைத்தில் கேட்டபோது கூடிவிட்டது என்றவர்கள்தான் அதிகம். ஊரடங்கு ஒரே பெயர்தான், வீட்டுக்கு வீடு வேறு.

ஜூனுக்கு அப்புறம் என் கதையும் குவைத் பக்கம் போய்விட்டது. காலை ஒன்பதுக்கு லேப்டாப்பைத் திறந்தால் ராத்திரி பதினொன்று. சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது, தூக்கத்துக்கும் கிடையாது. மருத்துவரிடம் போகப் பயம். தெருமுனைக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கித் தினம் இரண்டு போட்டேன். கடையில் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொள்ள ஆரம்பித்ததும், காய்ச்சல்காரன் என்று நினைத்துவிடுவார்களோ என்று கடை மாற்றி மாற்றி வாங்கினேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். ஒரே கடையாக இருந்திருந்தால் அவராவது "என்ன தம்பி, தினமுமா?" என்று கேட்டிருப்பார்.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் வீடியோ காலில் பார்த்தார். (தொலைமருத்துவத்துக்கு விதிமுறை வந்ததே 2020 மார்ச் 25-இல்தான்.) வலியைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், "காலி அட்டைகளைக் கேமரா முன்னால் காட்டுங்க" என்றார். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ சாதா வலி மாத்திரை போட்டு, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே போனால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கிவிடுமாம். ஒற்றைத் தலைவலிக்கென்றே கொடுக்கிற டிரிப்டான் வகை மாத்திரைக்குப் பத்தே நாள். நான் இருபத்தெட்டு நாள் கணக்கில் இருந்தேன். அவர் மேற்பார்வையில் நிறுத்தினேன். முதல் பத்து நாள் நரகம், அதைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை.

துவாஸ் தம்பி:

கொளத்தூர் அக்கா, உங்களுக்கு ஒரு குளியலறையாவது கிடைத்தது. நான் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. தங்கும் விடுதியில் ஒரு ரூமுக்குப் பன்னிரண்டு பேர், இரண்டடுக்குக் கட்டில். 2020 ஏப்ரலில் எங்களை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். சிங்கப்பூரில் மற்றவர்களுக்கு ஜூன் 2-ஆம் தேதி தளர்வு வந்தது, நாங்கள் வேலைக்குத் திரும்ப ஆகஸ்ட் ஆனது.

என் இடம் மேல் கட்டில். டியூப் லைட் முகத்துக்கு இரண்டு முழம் மேலே. பன்னிரண்டு பேரும் வீட்டுக்கு வீடியோ கால், பன்னிரண்டு குரல். தலைவலி என்று வெளியே சொன்னால் தொற்று என்று வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்று பயந்து சொல்லவே இல்லை. கைலியை நனைத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பேன். பண்ருட்டிக்காரர் ஒருவர்தான் கண்டுபிடித்துக் கீழ்க் கட்டிலை மாற்றிக் கொடுத்தார். கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டதும் ஒரு பொந்து மாதிரி ஆகிவிட்டது.

அப்போது நோன்பு மாதம். ரூமில் ஐந்து பேர் வங்கதேசத்து ஆட்கள், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் நான் வாளியில் வாந்தி எடுப்பதைப் பார்த்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து லைட் போடவில்லை. ஒரு போனைக் கவிழ்த்து வைத்து, அந்த வெளிச்சத்தில் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடிப்பார்கள். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கும் என் பாஷை தெரியாது.

இரவுப்பணி:

நான் ஸ்டாஃப் நர்ஸ். தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

எனக்குக் கவச உடைதான் எதிரி. என்95 ரப்பரும் கண்ணாடிப் பட்டையும் காதுக்கு மேலே ஒரே இடத்தில் அழுத்தும். ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது. சிங்கப்பூரில் 158 மருத்துவப் பணியாளர்களைக் கேட்டதில் 128 பேருக்கு இந்தக் கவசத்தால் புதிதாகத் தலைவலி வந்திருந்தது. ஏற்கெனவே இருப்பவள் நிலைமையைக் கேட்கவா வேண்டும்!

ஒரு வாரம் டியூட்டி, ஒரு வாரம் லாட்ஜில் தனிமை. அக்காவுக்குச் சொர்க்கமாக இருந்த தனி அறை எனக்குச் சரிப்படவில்லை. கனமான திரை, இருட்டு, எல்லாம் இருந்தது. ஆனால் அசதியில் பதினான்கு மணி நேரம் தூங்கிவிடுவேன், எழும்போதே இடது பொட்டில் இடி. தூக்கம் கெட்டாலும் வரும், கூடினாலும் வரும் பாழாய்ப்போன வலி இது. அலாரம் வைத்து, டியூட்டி நாளில் எழுகிற அதே நேரத்துக்கு எழ ஆரம்பித்தபிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

அக்கா, ஒன்று கேட்கணும். இப்போதும் அந்தப் பக்கெட்தானா?

கொளத்தூர்வாசி:

பக்கெட் அந்த வருஷமே விரிசல் விட்டுவிட்டது. இப்போது அங்கே ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கிறது. மாமியார் வாங்கி வந்து போட்டார், எதற்கென்று சொல்லவில்லை. டிவி சத்தம் மட்டும் குறைந்தபாடில்லை.

துவாஸ் தம்பி, நனைத்த கைலி யோசனை நல்லா இருக்கு. ராத்திரி வீட்டுக்காரருடையதை எடுத்துப் பார்க்கிறேன்.