அம்மாவுடன் மத்தியதரைக் கடலில் கப்பல் சுற்றுலா: போகலாமா, வேண்டாமா?

குறுக்குத்துறையான்:

வரும் மே விடுமுறையில், நான், என் மனைவி, 72 வயதான என் அம்மா, 11 வயது மகன், 5 வயது மகள் என ஐந்து பேரும் மத்தியதரைக் கடலில் ஏழு இரவுகள் செல்லும் பெரிய கப்பல் ஒன்றில் போய்வர எண்ணியிருக்கிறோம். இரண்டு வழித்தடங்கள் கண்ணில் பட்டன. இரண்டும் ரோமுக்குரிய துறைமுகமான சிவிடவேக்கியாவில் தொடங்குகின்றன. முதலாவது லிவோர்னோ, மார்செய், பார்சிலோனா வழியாகவும், இரண்டாவது ஜெனோவா, பலெர்மோ, மால்டாவின் தலைநகர் வலெட்டா, நேப்பிள்ஸ் வழியாகவும் செல்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகம். ஒரு காலத்தில் குறுக்குத்துறைப் படித்துறையில் தினமும் இறங்கிக் குளித்தவர், இப்போது இரண்டு படி இறங்குவதற்கே கைப்பிடியைத் தேடுகிறார். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அழைத்துப்போய் வருத்தப்படவும் விருப்பமில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

பொருநைச்செல்வி:

தம்பி, தயங்காமல் அழைத்துப் போங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் என் மாமனாருடன் இப்படித்தான் போனோம். பேருந்திலும் ரயிலிலும் ஐரோப்பாவைச் சுற்றினால் இரண்டு நாளுக்கு ஒரு முறை பெட்டியைக் கட்டி, விடுதி மாறி, படியேறி இறங்கியாக வேண்டும். வயதானவர்களைச் சோர்வடையச் செய்வது ஊர் பார்ப்பது அல்ல, இந்த அலைச்சல்தான். கப்பலில் பெட்டியை ஒரே ஒரு முறை திறந்தால் போதும், நாம் உறங்கும்போது ஊர் மாறிவிடுகிறது. சேரன்மகாதேவிப் பக்கம் நாற்பது ஆண்டுகள் வயல் பார்த்த மனிதர் என் மாமனார். விடியுமுன் எழுந்து பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்வார். துறைமுகத்திலிருந்து சிறிய வழிகாட்டிப் படகு வந்து கப்பலை ஒட்டியபடி ஓட, அதிலிருந்து ஒருவர் கயிற்றேணியைப் பற்றி ஏறுவதைப் பார்த்துவிட்டு, எங்களை எழுப்பி எழுப்பிச் சொன்னார். வெளியே வர முடியாத நாள்களில் அவர் மேல்தளத்தில் பேத்தியோடு இருந்தார். அந்த நாள்கள் வீணாயின என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

சைவ உணவு வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் கிடைக்கும். சோறும் தயிரும் பெரும்பாலும் இருக்கும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் நெய் பாட்டில் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால் பொருள்களைக் கொண்டுவருவதற்குத் தடை இருக்கிறது. மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைத் தீ விபத்து அச்சத்தால் கப்பலில் அனுமதிப்பதில்லை.

அம்பை ஆசிரியர்:

அம்மாவை அழைத்துப் போகும் உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் கப்பல் சுற்றுலாவை நான் ஏற்கவில்லை. சிவிடவேக்கியாவிலிருந்து ரோம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். லிவோர்னோவிலிருந்து ஃபிளாரன்ஸ் அதைவிடத் தொலைவு. காலையில் இறங்கி, பேருந்தில் போய்ச் சேர்ந்து, மாலையில் கப்பல் கிளம்புமுன் திரும்பிவிட வேண்டும் என்றால், ஊரைப் பார்க்கக் கிடைப்பது நான்கைந்து மணி நேரம்தான். கொற்கை முத்தை ரோமானிய உலகம் அறிந்திருந்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிபுளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் அத்துறையைக் கொல்கோய் என்று குறிப்பிடுகிறது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் செல்வம் போகிறதே என்று எழுதிவைத்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையிலேயே உயிர்விட்டார். பொருநைக் கரையில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு நெருக்கமான இடத்தை, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் காட்ட வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலம் பேரருவிப் பக்கம் போனவர்களுக்கு, ஒரு சிற்றூரின் மேல் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால் அங்கே வாழ்பவர்கள் படும் பாடு தெரியும். பெரிய கப்பல் ஒன்று ஆறாயிரம் பேரை ஒரே காலையில் இறக்குகிறது. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜூதேக்கா கால்வாய்க்குள் வரக் கூடாது என்று இத்தாலி தடுத்தது. பார்சிலோனா தன் கப்பல் முனையங்களை 2030க்குள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்க முடிவெடுத்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லும் ஒன்றை நாம் ஏன் விரும்பிப் போய்ச் செய்ய வேண்டும்?

பொருநைச்செல்வி:

ஐயா, தொலைவைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆகவேதான் இரண்டாவது வழித்தடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். நேப்பிள்ஸிலும் பலெர்மோவிலும் கப்பல் நகரத்தின் நடுவிலேயே நிற்கிறது. நேப்பிள்ஸில் முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பழைய கோட்டை தெரியும். வலெட்டாவில் கோட்டைச் சுவருக்குக் கீழே இறங்குவோம்; கொஞ்ச தூரத்தில் 2012இல் திறந்த, 58 மீட்டர் உயரமுள்ள பராக்கா மின்தூக்கி மேலே உள்ள பூங்காவுக்கு ஏற்றிவிடும். முழங்கால் வலியுள்ளவருக்கு இதைவிட வசதியாக ஐரோப்பாவில் ஊர் பார்க்கக் கிடைக்காது. அந்த வெசுவியஸ் வெடிப்பில் புதைந்த பொம்பே நகரின் கரடுமுரடான கல் பாவிய தெருக்கள் அம்மாவுக்கு வேண்டாம். அங்கே 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை உட்படப் பல பொருள்கள் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதைப் பாருங்கள், கப்பல் ஏறுமுன் ரோமைப் பார்க்க மூன்று நாள் ஒதுக்குங்கள். மே மாதத்தில் ஜூலை, ஆகஸ்ட் நெரிசலும் இருக்காது.

மணப்பாட்டு மாலுமி:

பதினோரு ஆண்டுகள் இப்படிப்பட்ட கப்பல்களில் வேலை பார்த்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். எங்கள் ஒப்பந்தம் பல மாதங்கள் நீளும்; வாரத்தில் ஒரு நாளும் முழு விடுமுறை கிடையாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி ஒரு நாளைக்குக் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். அதை இரண்டு துண்டுகளாகப் பிரித்துத் தரலாம் என்பதால் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்குவதே பெரிது. உங்கள் கணக்கில் நாள்தோறும் சேர்க்கப்படும் சேவைக் கட்டணத்தை வரவேற்பு மேசைக்குப் போய் நீக்கச் சொல்லும் பயணிகள் உண்டு. நம் ஊர்க்காரர்களும் அப்படிச் செய்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன், மனது மிகவும் நொந்தது. பயணச் செலவோடு அதையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள் அண்ணாச்சி.

ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைப்பது அரிது. இரண்டு அறைகள் பக்கத்தில் பக்கத்தில் கேளுங்கள், கப்பலின் நடுப்பகுதியில் தாழ்ந்த தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கையில் மகனைப் படுக்க வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் மாலையில்தான் அறை வாசலுக்கு வரும் என்பதால், அம்மாவின் மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

2012 ஜனவரி 13 அன்று சிவிடவேக்கியாவிலிருந்து கிளம்பிய கோஸ்டா கொன்கோர்டியா, ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிக் கவிழ்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று அந்தத் துறைமுகத்தில் ஏறியவர்களுக்கு அவசரக்காலப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பின்னரே கப்பல் கிளம்புமுன்போ கிளம்பியவுடனோ அதை நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். உங்கள் கூடுமிடம் எங்கே என்று அம்மாவையே நடந்து போய்ப் பார்க்கச் செய்யுங்கள்.

அம்பை ஆசிரியர்:

மணப்பாட்டுத் தம்பி சொன்னதைப் படித்த பிறகு என் மறுப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஓய்வே இல்லாத ஒருவரின் உழைப்பின் மேல் நம் விடுமுறை நிற்கிறது. இதே பணத்தில் நேப்பிள்ஸில் நான்கு நாள், ரோமில் நான்கு நாள் தரைத்தளத்து வீடு எடுத்துத் தங்கி, ரயிலில் போய்வரலாம். அம்மாவுக்கு இரண்டு முறை இடம் மாறும் சிரமம்தான்.

மணப்பாட்டு மாலுமி:

ஐயா, நீங்கள் என்மேல் கொண்ட அக்கறைக்கு நன்றி. ஆனால் என் தங்கையின் திருமணமும் எங்கள் வீட்டின் மேல்தளமும் அந்த உழைப்பில் வந்தவை. வராதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வந்தால் எங்களை மனிதர்களாக நடத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

குறுக்குத்துறையான்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது வழித்தடத்தையே எடுக்கிறோம், ரோமில் மூன்று நாள் முன்னதாகத் தங்குகிறோம். விசாவுக்குப் பெரியவர்கள் மூவருக்கும் தலா 90 யூரோ, மகனுக்கு 45, ஆறு வயது நிரம்பாததால் மகளுக்குக் கட்டணமில்லை என ஆக 315 யூரோ வருகிறது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டுமாம். ஆசிரியர் ஐயாவின் மறுப்பை நான் ஒதுக்கவில்லை. அம்மா நடக்க முடிகிற இந்த ஆண்டே போக வேண்டும் என்பதுதான் என்னை இழுக்கிறது. இங்கு எழுதியவற்றையெல்லாம் நேற்றிரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆபத்து என்று மணி அடித்து, மின்தூக்கியும் ஓடாவிட்டால், தன்னை யார் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள்?

மணப்பாட்டு மாலுமி:

அண்ணாச்சி, அவசரத்தில் உதவி தேவைப்படும் பயணி என்று முன்பதிவு செய்யும்போதே அம்மாவின் பெயரைப் பதிவுசெய்யுங்கள். கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். அப்படிப்பட்டவர்களின் விவரம் கிளம்புமுன் கப்பல் அதிகாரிகளிடம் இருந்தாக வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்து அறைக்கு வரும் பணியாளர்கள், படிக்கட்டில் இறக்குவதற்கென்றே உள்ள நாற்காலியோடு வருவார்கள். நான் இரண்டு ஒப்பந்தங்களில் அந்தக் குழுவில் இருந்தேன். பயிற்சியின்போது ஒரு நாற்காலிக்கு நான்கு பேராக நின்று தூக்கினோம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.