பெட்ரோல் வாடை: ஹோஸை வீட்டிலேயே மாற்றலாமா?

பழைய கார்:
வணக்கம். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் 12 வயது கார். மூன்று நாளாகக் காலையில் பெட்ரோல் வாடை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபியூவல் ரெயிலுக்கு (எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) போகும் ரப்பர் ஹோஸில் கிளிப்பை ஒட்டி மயிரிழை போல ஒரு வெடிப்பு. விரல் வைத்தால் ஈரம். சிராங்கூன் கார்டனில் எங்கள் டெரஸ் வீடு. இன்று சாயங்காலம் போர்ச்சிலேயே மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். ஹோஸ் வாங்கிவிட்டேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டால் போதுமா?

பட்டறைக்காரன்:
தம்பி, முதலில் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் தண்ணீர்மேல் மிதக்கும், ஊற்றினால் தீயும் சேர்ந்து ஓடும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் வேண்டும். அதையும் காருக்கு அந்தப் பக்கம் வைக்காமல், நீங்கள் வெளியே ஓடும் வழியில் வையுங்கள்.

இஞ்செக்‌ஷன் கார் (பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் வகை) என்றால் எஞ்சின் அணைந்த பிறகும் லைனில் அழுத்தம் நிற்கும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டுவது வழக்கம். கசிகிற காரில் நான் அதைச் செய்யமாட்டேன். இரவு முழுக்க ஆறட்டும். காலையில் பானெட்டைத் திறந்து காற்றாட விட்டு, வாடை போனபின் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். லைனைத் திறந்த பிறகு பேட்டரியில் கை வைத்தால் அந்த ஒரு பொறி போதும். அப்புறம் இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்து மெதுவாகத் தளர்த்துங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட மறக்காதீர்கள்.

ஹோஸில் என்ன அச்சடித்திருக்கிறது?

பழைய கார்:
எஸ்ஏஈ 30ஆர்7 என்று இருக்கிறது, அண்ணே.

பட்டறைக்காரன்:
அதைப் போடாதீர்கள். அது அழுத்தம் குறைந்த பழைய கார்புரேட்டர் கார்களுக்கு. உங்களுக்கு அதிக அழுத்தம் தாங்கும் 30ஆர்9 வேண்டும்.

தெம்பனிஸ் அக்கா:
ஒன்று சொல்லவேண்டும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், காருக்கு அடியில் தொங்கவிட்டிருந்த குண்டு பல்பு விழுந்து உடைந்தது. தரையில் கொஞ்சம் பெட்ரோல்தான் சிந்தியிருந்தது. “வுப்” என்று ஒரு சத்தம், குனிந்திருந்தவரின் புருவம் இரண்டும் கருகிவிட்டன. எரிவது திரவமில்லை, அதன் ஆவி. மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடியது, நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்! காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து காலுக்கடியில் உள்ள சாக்கடைக்குள் இறங்கி, பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கும்.

சாயங்காலம் என்கிறீர்களே, வாசலில் விளக்கு ஏற்றுவீர்களா? பக்கத்தில் ஊதுபத்தி, சீனர்கள் முன்னோருக்காகச் செய்யும் ஏழாம் மாதத் தாள் எரிப்பு ஏதாவது உண்டா?

பழைய கார்:
அக்கா, எங்கள் வாசல் விளக்கு போர்ச்சிலிருந்து நாலடிதான். பக்கத்து வீட்டுத் தாத்தா தகர டின்னில் தாள் எரிப்பார், நடுவில் ஒரு சாக்கடை மட்டும். இதை யோசிக்கவே இல்லை. இழுவை வண்டிக்குச் சொல்லிவிட்டேன், காக்கி புக்கிட் பட்டறைக்குப் போகிறது.

பட்டறைக்காரன்:
சரி. வண்டி வரும்வரை சாவியைத் தொடாதீர்கள். ஈரம் சொட்ட ஆரம்பித்தால் எல்லாரையும் தள்ளி நிற்கவைத்துத் தீயணைப்புப் படையை 995இல் அழையுங்கள்.