நாலு வார ஈஈஜியை ஒண்ணா ஒட்டி ஐசிஏ ஓட்டலாமா?

பி300_மாணவி:
வணக்கம். மூளையோட மின் அலைகளை (ஈஈஜி) 32 சேனல் தொப்பியில, நொடிக்கு 250 சாம்பிள் (250 ஹெர்ட்ஸ்) எடுத்தேன். ஒவ்வொருத்தரும் வாரம் ஒரு நாள்னு நாலு வாரம் வந்தாங்க. ஒரு நாளைக்கு 10 நிமிஷ ரன் மூணு. கலந்து வர்ற சிக்னலை மூலம் மூலமாப் பிரிக்கிற கணக்கான ஐசிஏ, டேட்டா கூடக் கூட நல்லாப் பிரிக்கும்னு படிச்சதால, ஒருத்தரோட 12 ரன்னையும் மேட்லேப்ல ஒரே ஃபைலா ஒட்டி, அதுல ஓடுற ஈஈஜி மென்பொருளான இஇஜிலேப்ல ஐசிஏ ஓட்டினேன். கண் சிமிட்டல் ஒரே காம்போனென்ட்ல (ஐசிஏ பிரிச்சுத் தர்ற பகுதி) வரும்னு எதிர்பார்த்தா மூணா உடைஞ்சு வருது. ஒண்ணு முதல் வாரம் மட்டும் துடிக்குது. ரெண்டாவது வாரம் அது அடங்கி இன்னொண்ணு எழும்புது. கடைசி வாரம் காதுக்கு மேல இருக்கிற டி7 எலக்ட்ரோடு வேற மோசம், பக்கத்து சேனல்களை வச்சு அதை நிரப்பிட்டேன் (இன்டர்போலேட்). நான் பார்க்கிற பி300 அலை (தூண்டல் வந்து சுமார் 300 மில்லி செகண்ட்ல எழும்புறது) கெடக் கூடாதுன்னு, மெதுவான அலைகளை வெட்டுற ஹைபாஸ் ஃபில்டரை 0.1 ஹெர்ட்ஸ்லயே வச்சிருக்கேன். எங்க தப்பு?

லேப்_அக்கா:
வாரத்துக்கு வாரம் காம்போனென்ட் மாறுதுன்னு நீயே கண்டுபிடிச்சிட்டியேம்மா, விடை அதுலயேதான் இருக்கு. ஒவ்வொரு மூலமும் எந்த எலக்ட்ரோடுல எவ்வளவு விழுதுங்கிறது ரெக்கார்டிங் முழுக்க மாறாதுன்னு நம்பித்தான் ஐசிஏ கணக்குப் போடுது. தொப்பியைக் கழட்டி அடுத்த வாரம் மாட்டுறப்போ அரை சென்டிமீட்டர் முன்னால நகர்ந்தாலும், நெற்றி எலக்ட்ரோடான எஃப்பி1 புருவத்தை நெருங்கி, அங்க சிமிட்டலோட அளவே வேறயாயிடும். அதனால தொப்பி ஒரு தடவை மாட்டினா ஒரு ஐசிஏ. அதே நாள் மூணு ரன்னையும் ஒட்டலாம், நடுவுல கழட்டலைன்னா.

டேட்டா பத்தாதோன்னு பயப்படாதே. சேனல் எண்ணிக்கையோட வர்க்கத்தை 30 ஆல பெருக்கினா 30,720 சாம்பிள், ரெண்டு நிமிஷம் சொச்சம். உன்கிட்ட ஒரு நாளைக்கு அரை மணி நேரம் இருக்கு.

இனி எடுக்கப் போறதுக்கு ஒண்ணு சொல்றேன். மூக்கு மேட்டுப் பள்ளத்துலேர்ந்து பின்மண்டை முடிச்சு வரைக்கும் டேப் வச்சு அளந்து, சரிபாதியில உச்சி எலக்ட்ரோடான சிஇசட் உட்காருதான்னு ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். முந்தின நாளே போன் போட்டு, தலைக்குக் குளிச்சு எண்ணெய் வைக்காம வரச் சொல்வேன். எண்ணெய்த் தலையில எவ்வளவு ஜெல் விட்டாலும் இம்பீடன்ஸ் (மின்தடை) இறங்க மாட்டேங்குது.

சிக்னல்காரன்:
அக்கா சொன்னதுதான் முதல் காரணம். மூட்டுற இடத்தையும் கவனிங்க. கையால ஒட்டினா, இங்க மூட்டு இருக்குன்னு காட்டுற பவுண்டரி ஈவென்ட் இருக்காது. ரன்னுக்கு ரன் டிசி மட்டம் (அடிப்படை வோல்டேஜ்) வேறங்கிறதால அந்த இடம் படிக்கட்டு மாதிரி தாவும். அதுமேல ஃபில்டர் ஓடினா தாவல் ரெண்டு பக்கமும் பரவும். ஒவ்வொரு ரன்னையும் தனியா ஃபில்டர் பண்ணிட்டு, இஇஜிலேப்போட மெர்ஜ் வழியாவே ஒட்டுங்க.

0.1 ஹெர்ட்ஸ் ஃபைலைத் தொடாதீங்க. அதோட நகலுக்கு 1 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் போட்டு அதுல ஐசிஏ ஓட்டுங்க. அதுல வர்ற பிரிப்பு மேட்ரிக்ஸ்களான வெயிட்ஸ், ஸ்ஃபியர் ரெண்டையும் 0.1 ஃபைலுக்கு மாத்துங்க. சேனல் வரிசையும் ரெஃபரன்ஸும் (வோல்டேஜை எதோட ஒப்பிட்டு அளக்கிறோம்ங்கிறது) ரெண்டு ஃபைல்லயும் ஒண்ணா இருக்கணும்.

டி7-ஐ அந்த நாளோட மூணு ரன்லயும் எடுத்துடுங்க. இன்டர்போலேஷன் ஐசிஏ முடிஞ்ச பிறகுதான். முன்னாடியே பண்ணி, ஆவரேஜ் ரெஃபரன்ஸும் (எல்லாச் சேனலோட சராசரி) போட்டா ரேங்க், அதாவது ஒண்ணை ஒண்ணு சாராத சேனல் எண்ணிக்கை, 30 ஆயிடும். அதுகிட்ட 32 காம்போனென்ட் கேட்டா இல்லாததெல்லாம் வரும். தூண்டல் வாரியாத் துண்டு (எபாக்) வெட்டி, தூண்டலுக்கு முந்தின சராசரியை (பேஸ்லைன்) கழிக்கிறதையும் ஐசிஏவுக்குப் பிறகு வச்சுக்கங்க. முன்னாடியே கழிச்சா காம்போனென்ட்டோட நம்பகத்தன்மை குறையுறதை க்ரோப், மேக்கீக், குட்டாஸ் மூணு பேரும் 2009-ல காட்டியிருக்காங்க.

பி300_மாணவி:
முதல் வாரத்தை மட்டும் நீங்க சொன்னபடி திரும்ப ஓட்டினேன். சிமிட்டல் முழுக்க ஒரே காம்போனென்ட்ல, நெற்றிப் பக்கம் மட்டும் சிவப்பா வந்திருக்கு! ரொம்ப நன்றி. நாலு நாளுக்கும் தனித்தனியா ஓட்டினா காம்போனென்ட் நம்பர் மாறுமே, எப்படிச் சேர்க்கிறது?

லேப்_அக்கா:
நம்பரை வச்சு சேர்க்காதே. அந்தந்த நாள்ல சிமிட்டல், கண்ணசைவுக் காம்போனென்ட்டை எடுத்துட்டு சேனல் டேட்டாவுக்குத் திரும்பு. டி7-ஐ இன்டர்போலேட் பண்ணி, நாலு நாளுக்கும் ஒரே ரெஃபரன்ஸ் போட்டு உச்சிக்குப் பின்னால இருக்கிற பிஇசட் எலக்ட்ரோடுல பி300-ஐ ஒப்பிடு. உன் கேள்விக்கு அது போதும்.