மேற்கே எல்க் வேட்டை: வெளிமாநிலத்திலிருந்து போனவர்களின் அனுபவங்கள்

டல்லாஸிலிருந்து:

கொலராடோவுக்கு எல்க் என்ற பெரிய வகை மானை வேட்டையாடக் கிளம்பும் நம்மவர்கள் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். சுட்ட பிறகு என்ன செய்வீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நன்கு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை எல்லாம் நீக்கினாலும் 80, 90 கிலோ கறி தேறும். டெக்சஸில் தனியார் பண்ணையில் மான் விழுந்தால் வண்டி பக்கத்திலேயே வந்து நின்றுவிடும். கொலராடோவின் ஃப்ளாட் டாப்ஸ் மலையில் 10,000 அடி உயரத்தில், வில்டர்னஸ் என்று சட்டப்படி ஒதுக்கிய காட்டுக்குள், மோட்டார் வண்டியே நுழையக்கூடாது. குதிரை வேண்டும், இல்லையென்றால் நம் முதுகுதான்.

அக்டோபர் கடைசியில் நானும் நண்பரும் முகட்டிலிருந்து பைனாகுலரில் தேடியபோது, ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் ஓடையோரமாக ஒரு மந்தை தெரிந்தது. காற்றும் எங்கள் முகத்துக்கு நேராக வீசியது. இறங்கப் போகும் நேரத்தில் குதிரையில் வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நின்றார். வெளிமாநில நம்பர் பலகையைக் கண்டாலே சிலர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். காட்டில் கூட்டம் பெருகிவிட்டது என்ற வருத்தம் அவர்களுக்கு. அதில் நியாயமும் இருக்கிறது. இவர் அப்படியில்லை. "அங்கே விழுந்தால் கடைசிச் சுமை எப்போது மேலே வந்து சேரும்?" என்று மட்டும் கேட்டார். பகலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த வாரம் அது. இருவர் சுமந்தால் மறுநாள் மாலை ஆகிவிடும், அதற்குள் கறி கெட்டுவிடும் என்று கணக்குப் போட்டோம். இறங்கவில்லை. அந்த மந்தையை விட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

பிறகு ஒரு விடியலில், நடைபாதைக்கு மேல்பக்கம் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஓர் ஆண் எல்க் தனியாக வந்தது. அங்கே பெரும்பாலான வட்டாரங்களில் ஒரு பக்கக் கொம்பிலாவது நான்கு கிளை இருக்கவேண்டும், அல்லது நெற்றிக்கிளை 5 அங்குலமாவது இருக்கவேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சுட்டேன்.

கறியைக் காப்பாற்ற வேண்டுமானால் சூட்டை இறக்க வேண்டும். எல்க்கின் தடித்த தோல் உடல் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும். வெளியே குளிர் நடுக்கினாலும் பின்தொடையில் எலும்பு மூட்டை ஒட்டி உள்ளுக்குள்ளேயே கறி கெட ஆரம்பித்துவிடும். வயிற்றைத் திறக்காமல் ஒரு பக்கத் தோலை உரித்து, முன்கால், பின்தொடை, முதுகுச் சதை என்று எடுத்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டோம். பிளாஸ்டிக் பையில் போட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். கடைசிச் சுமையோடு இறங்கும்போது வனவிலங்கு அதிகாரி எதிரில் வந்தார். உரிமத்தையும், விலங்கோடு இருக்கவேண்டிய டேக் என்ற அடையாளச் சீட்டையும் பார்த்துவிட்டு, ஆண் விலங்கு என்பதற்கான அடையாளம் கறியோடு ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்த்தார். அதை வெட்டி எறிந்துவிட்டால் சிக்கல். மான் இனங்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் காரணமாக, மூளையையும் முதுகுத்தண்டையும் டெக்சஸுக்குள் கொண்டுவரக்கூடாது. பல மாநிலங்களில் இதே விதிதான்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. வில் வேட்டைக்கு வெளிமாநிலத்தார் நேரே வாங்கும் வசதி பெரும்பாலான வட்டாரங்களில் 2025 முதல் இல்லை, குலுக்கல்தான். துப்பாக்கிக்கு இரண்டாம், மூன்றாம் சீசனில் பல வட்டாரங்களுக்கு அந்த ஆண்டும் நேரே கிடைத்தது. கட்டணம் 800 டாலருக்கு மேல். உள்ளூர்க்காரர் கட்டுவதைப்போலப் பத்து மடங்கைத் தாண்டும். 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்: கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமத்தின் கடைசித் தேதியைக் கவனமாகப் பாருங்கள்.

மினியாபொலிஸிலிருந்து:

அண்ணா, வயோமிங் போகிறவர்களுக்காக நானும் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே வில்டர்னஸ் பகுதிக்குள் வெளிமாநிலத்தார் எல்க் வேட்டையாட வழிகாட்டி கூடவே வரவேண்டும். அதே காட்டில் தனியாக நடக்கலாம், மீன் பிடிக்கலாம். வேட்டைக்கு மட்டும்தான் இந்த விதி. வயோமிங்வாசியான நண்பர் இருந்தால் அவர் இலவச அனுமதி வாங்கிக்கொண்டு நம்மோடு வரலாம்.

இன்னொன்று, மூலை தாண்டுவது. அங்கே பொதுநிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம்போல மாறிமாறிக் கிடக்கின்றன. ஒரு பொதுக்கட்டத்திலிருந்து அடுத்த பொதுக்கட்டத்துக்கு மூலை வழியாகத்தான் போகமுடியும். 2021-இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் எல்க் மவுண்டன் அருகே அப்படித் தாண்டியதற்காக, தனியார் நிலத்தில் அத்துமீறியதாக வழக்கைச் சந்தித்தார்கள். 2022-இல் ஜூரி விடுவித்தது. நில உரிமையாளர் தொடுத்த சிவில் வழக்கிலும் 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்த நால்வர் நின்று போராடியதால்தான் இன்று அந்த நிலத்தில் எல்லோரும் கால் வைக்க முடிகிறது.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அப்படியொரு மூலையில் நான் நின்றபோது பண்ணை ஆள் ஒருவர் பிக்கப்பை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று அதட்டினார். தரையில் பதித்திருந்த நில அளவைக் குறியையும் ஜிபிஎஸ்ஸையும் காட்டினேன். குனிந்து பார்த்தார். வேலிக் கம்பியைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொலராடோவும் அந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறது. மொன்டானா வராது, அங்கே இதை நம்பி மூலையைத் தாண்டாதீர்கள்.