பொருள்: டயல்-அப் குறிப்பில் ‘ஹேண்ட்ஷேக்’: கைகுலுக்கல் வேண்டாமே

நண்பர்களுக்கு,

டயல்-அப், அதாவது போன் லைனில் மோடம் வைத்து இணையத்துக்குப் போகும் முறை, அதற்கான பழுதுநீக்கக் குறிப்பின் தமிழ் வரைவு பார்த்தேன். ‘கைகுலுக்கல் தோல்வியுற்றால் லைனைச் சோதிக்கவும்’ என்ற வரி இடிக்கிறது. ஆங்கில மூலத்தில் ‘ஹேண்ட்ஷேக்’ என்ற அந்த ஒரு சொல் இரண்டு வேலைகளுக்கு வருகிறது. ஒன்று கெட்டால் லைனைப் பார்க்க வேண்டும். மற்றது கெட்டால் லைனைத் தொட்டுப் பயனில்லை.

எண் சுழன்றதும் மறுமுனை மோடம் 2100 ஹெர்ட்ஸில் விடையொலி கொடுக்கும். அடுத்து வரும் கிரீச்சும் கரகரப்பும்தான் முதல் வேலை. இரண்டு மோடமும் லைனின் இரைச்சலை அளந்து, எந்த வேகம் தாங்கும் என்று ஒத்துக்கொள்கின்றன. ஸ்பீக்கர் அடங்கியபின் இரண்டாவது வேலையான பி.பி.பி. (கணினியை இணையத்தில் சேர்க்கும் நெறிமுறை) தொடங்கும்; பயனர்பெயர், கடவுச்சொல், ஐ.பி. முகவரி எல்லாம் அதில்தான். கரகரப்பு முடியாமலே திரையில் பிழை எண் 678 வந்தால் லைனைச் சந்தேகிக்கலாம். அடங்கியபின் 691 வந்தால் பெயரோ கடவுச்சொல்லோ தப்பு. பெரும்பாலும் கேப்ஸ் லாக் அழுந்தியிருக்கும்.

மோடத்துக்கு ‘இணக்கி’ ஏற்கெனவே புழங்குகிறது. அது செய்வது ‘இணங்கல்’. இரண்டாவதற்கு ‘நுழைவுச் சரிபார்ப்பு’. சரியா?

--------

> இரண்டாவதற்கு ‘நுழைவுச் சரிபார்ப்பு’

இணங்கலுக்கு என் ஓட்டு உண்டு. இதற்கு இல்லை. பிழை எண் 720 எங்கே போகும்? கடவுச்சொல் சரியாகவே இருந்தும் டி.சி.பி./ஐ.பி. (இணையத்தில் தரவு பரிமாறும் நெறிமுறைகள்) அமைப்பு கெட்டிருந்தால் வருவது அது. விண்டோஸ் 98-இல் கண்ட்ரோல் பேனல், நெட்வொர்க் போய் டயல்-அப் அடாப்டரை நீக்கி, மறுபடி சேர்த்து, கணினியைத் திரும்ப இயக்க வேண்டும். இதைச் சரிபார்ப்பு என்றால் படிப்பவர் கடவுச்சொல்லையே மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார். ‘நுழைவு’ என்று பொதுவாக வைத்து, அதற்குள் சரிபார்ப்பு, முகவரி ஒதுக்கீடு என்று பிரிக்கலாம்.

இன்னொன்று. டி.சி.பி. பாடத்தில் மூன்று கட்டக் ‘கைகுலுக்கல்’ மாணவர்களுக்குப் பழகிவிட்டது. அதைக் கலைக்காதீர்கள்.

--------

டி.சி.பி.யில் அப்படியே இருக்கட்டும். நம் குறிப்பில் அந்தப் பேச்சே வராது. ‘நுழைவு’ பொருந்துகிறது.

கிளைச் சொற்கள் பிறக்கிறதா என்று பார்த்தேன். லைனில் இரைச்சல் ஏறினால் மோடங்கள் பாதியில் நிறுத்தி மீண்டும் அளக்கும். சில விநாடி தரவு வராது, இணைப்பு மட்டும் அறாது. ‘மறு இணங்கல்’. வேகம் குறைத்து ஒத்துக்கொண்டால் ‘இறங்கி இணங்கல்’. கைகுலுக்கலை வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள்!

தரவைச் சுமந்து செல்லும் அலையான ‘கேரியர்’தான் தொல்லை. பாடநூலில் ‘ஊர்தி அலை’. திரையில் ‘ஊர்தி இழப்பு’ என்று வந்தால் வண்டி காணாமல் போனதாகத்தான் படும். ‘அலை அறுதல்’ என்று போடலாம். பேச்சுக்கு நடுவே வேறு அழைப்பு வருவதை அறிவிக்கும் கால் வெயிட்டிங் பீப் ஒலியில் அறுவது இதுதான். அலை அறுந்தபின் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று மோடம் வைத்திருக்கும் எஸ்10 பதிவேட்டில் வழக்கமாக 14 இருக்கும், அதாவது 1.4 விநாடி. 50 ஆக்கினால் 5 விநாடி பொறுக்கும். அதைவிட, டயல் செய்யும்முன் கால் வெயிட்டிங்கை நிறுத்துவது மேல்.

பிழை எண் 680-க்கான பத்தி போதாது. ‘டயல் டோன் இல்லை’ என்றதும் லைன் செத்ததாக எண்ண வேண்டியதில்லை. முதலில் கம்பி மோடத்தின் ‘லைன்’ துளையில் இருக்கிறதா, ‘போன்’ துளையில் இருக்கிறதா பாருங்கள். அது சரியென்றால், ஒலி வேறுபாடு காரணமாகலாம்: அமெரிக்க மோடம் தேடுவது 350, 440 ஹெர்ட்ஸ் கலந்த ஒலி. இந்திய எக்ஸ்சேஞ்சு தருவது 25 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கும் 400 ஹெர்ட்ஸ். சில மோடங்களுக்கு அது டயல் டோனாகவே படாது. கண்ட்ரோல் பேனலில் மோடம்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், கனெக்‌ஷன், அட்வான்ஸ்டு என்று போய் ‘எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ்’ கட்டத்தில் எக்ஸ்3 (X3) என்ற மோடக் கட்டளையை அடித்தால் ஒலிக்குக் காத்திராமல் சுழற்றும். ‘பிஸி’ மட்டும் கண்டுகொள்ளும்.

இணங்கல் முறியும் இடத்தில் எழுத வேண்டியவை: இணை போன்களைக் கழற்றவும். சுவரிலுள்ள ரோசெட்டை (போன் கம்பி இணையும் பெட்டி) திறந்து பார்க்கவும். மழைக்காலத்தில் முறுக்கிவிட்ட செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். சுரண்டித் திருகாணியில் இறுக்கினாலே பாதிக் கரகரப்பு போகும். இடையில் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். (அலுவலக உள் எக்ஸ்சேஞ்சு) இருந்தால் 56 கிலோபிட் மோடத் தரமான வி.90 பெரும்பாலும் எடுபடாது. ஒலி இன்னொரு முறை டிஜிட்டலாக மாறுவதால் 33.6 கிலோபிட்டுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 33.6 வேகத் தரமான வி.34-க்கு இறக்கும் கட்டளை சிப்புக்குச் சிப்பு வேறு. கையேட்டைப் பார்க்கச் சொல்லிவிடலாம்.

வரி இப்படி: ‘கரகரப்பு அடங்குமுன் இணைப்பு அறுந்தால் இணங்கல் முறிவு, லைனைப் பார்க்கவும். அடங்கியபின் அறுந்தால் நுழைவு முறிவு. பிழை எண்ணைப் பார்க்கவும்.’ மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையேல் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.